தவளை சொன்ன சேதி

மருந்தடிக்கிறது என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வலப்பனையில் தேயிலை மலைக்குக் களைமருந்து, மரக்கறிக்குப் பூச்சிமருந்து. இந்தப் பூச்சிமருந்து நரம்பை என்ன செய்கிறது என்று நமக்குத் தெரிய வந்ததில் தவளைக்குப் பெரிய பங்கு உண்டு.

1921இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை மற்றதில் விட்டார், அதுவும் மெதுவானது. நரம்பு இரசாயனத்தால்தான் பேசுகிறது என்பது அப்படித்தான் உறுதியானது. அந்த இரசாயனம் அசற்றைல்கோலின். வேலை முடிந்ததும் ஒரு நொதியம் அதை உடைத்துவிடும். உடைக்காவிட்டால் தசை இழுத்துக்கொண்டே இருக்கும், கடைசியில் செயலிழந்து போகும்.

1936இல் ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர், இந்த நொதியத்தையே முடக்கும் டபுனைக் கண்டுபிடித்தார். அது போர் நஞ்சானது. அதே குடும்பத்துப் பிள்ளைகள்தான் குளோர்பைரிபோசும் டைமெத்தோவேற்றும்.

2010இல் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இலங்கைக்கே உரிய ஒரு மரத்தவளையின் வாற்பேத்தைகளை ஆய்வுகூடத்தில் வளர்த்து, இந்த இரண்டோடு கிளைபோசேட், புரோபனில் என நான்கு மருந்துகளைச் சோதித்தார்கள். முதுகெலும்பு வளைந்தது, உடல் வீங்கியது, தோல் புண்ணானது. குளோர்பைரிபோஸின் பாதிப்பே கடுமையாக இருந்தது.

நம் நாட்டுத் தடைகள் வேறு காரணத்தால் வந்தவை. 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெத்தோவேற், பென்தியோன் மூன்றும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. அவற்றைக் குடித்து இறந்தவர்கள் அவ்வளவு பேர். அந்தத் தடைகள் பல உயிர்களைக் காப்பாற்றின, அதை மறுக்க முடியாது. 2015இல் தடைசெய்த கிளைபோசேட்டோ 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்பி வந்தது.

ஒரே நாளில் குடித்தவர் கணக்கில் வருகிறார். வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசிப்பவர்? தொட்டியில் கிடந்த வாற்பேத்தையின் நிலைமைதான் அவருக்கும். வாற்பேத்தைக்காவது குறிப்பெழுத ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

அந்த நொதியத்தின் அளவை இரத்தத்தில் பார்க்கலாம். சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போது, பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு அந்தப் பரிசோதனையையும், மருந்தடிக்கும் எல்லாருக்கும் கையுறையையும் முகமூடியையும் சேர்த்துக் கேட்போம். அதுவரை, டாங்கியில் ஊற்றுகிற போத்தலின் பெயரையாவது வீட்டில் எழுதி வைப்போம்.