காகிதம் இல்லாமல் எழுந்த நூலகம்



கல்லும் சுண்ணாம்பும் இல்லாமல் மனத்திலேயே கோயில் கட்டிய பூசலார் நம் திருநின்றவூர்க்காரர். காகிதமும் மையும் இல்லாமல் நூலகம் கட்டியவர்களைப் பற்றி இன்று எழுதுகிறேன். சற்று நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் தலைமையில், பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் எதுவும் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். தட்டச்சு செய்பவர் ஒரு நாட்டில், பிழை திருத்துபவர் இன்னொரு நாட்டில். தமிழ் நூல்கள் அழியக் கூடாது என்பதே அவர்கள் எண்ணம். ஆனால் அந்த உழைப்பு இன்னொரு கதவையும் திறந்தது.

2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நண்பர்கள் இருவர் 'என்விடிஏ' என்னும் திரைவாசிப்பு மென்பொருளை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார்கள். கணினித் திரையில் உள்ள எழுத்தை அது குரலாக்கும், தமிழையும் வாசிக்கும். ஒரு நிபந்தனை: திரையில் இருப்பது எழுத்தாக இருக்க வேண்டும். புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டால் அதற்கு அது வெறும் படம், வாய் திறக்காது. மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த நூல்களோ பேசின.

சட்டமும் வழிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற, 2012இல் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இதே நோக்கத்துக்காக 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016இல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் வந்தது.

ஆனாலும் வேலை முடியவில்லை. என்னிடம் படித்த ஒருவனின் மகளுக்குப் பார்வை இல்லை. கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறாள். போன மாதம் போனில், "தாத்தா, கம்ப்யூட்டர் 'பரல் குடித்தான்' என்று வாசிக்கிறது" என்று சிரித்தாள். படத்தை எழுத்தாக்கும் மென்பொருள், துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொள்ளும்; 'பால்' அதனால் 'பரல்' ஆகிவிடும். "இது எனக்கே புரிந்துவிட்டது. பரீட்சைக்குப் படிக்கிற பாட்டில் இப்படி வந்தால் எது சரி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்தப் பிழையைத் திருத்த மனிதக் கண் வேண்டும். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரு பக்கம் புத்தகப் படம், மறுபக்கம் எழுத்து. ஒப்பிட்டுத் திருத்திச் சேமித்தால் சிவப்பாக இருந்த பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். காலை காபிக்குப் பிறகு நான் தினமும் மூன்று பக்கம் பார்க்கிறேன். முதுகுவலிக்காரனுக்கு இதைவிட நல்ல தொண்டு கிடையாது, வீட்டைவிட்டு அசைய வேண்டாம்!

திருவள்ளூர் ரயிலில் தினம் ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் உங்களில் எத்தனை பேர்? அதில் பத்து நிமிடம், ஒரு பக்கம். துணைக்கால் எது, 'ர' எது என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். செய்ய விரும்புகிறவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்; எப்படிச் செய்வது என்று ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் காட்டுகிறேன்.

நலமாக இருங்கள்.