சகிப்பும் நீதியும்

பல சமயங்களும் கொள்கைகளும் நிலவும் நாட்டில் நீதி எதனை ஆதாரமாகக் கொண்டு நிலைக்கும் என்பது தாராண்மைவாதத்தின் பழம்பெரும் வினாவாகும். பதினாறாம் நூற்றாண்டின் ஐரோப்பிய சமயப் போர்கள் இவ்வினாவைக் கூர்மையாக்கின.

1598இல் பிரான்சிய மன்னன் நான்காம் ஹென்றி பிறப்பித்த நான்ற் கட்டளை, புரட்டஸ்தாந்தருக்கு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் வரையறுக்கப்பட்ட வழிபாட்டுரிமையையும் வழங்கியது. அவர்தம் கைவசமிருந்த அரண்நகர்களே அவ்வுரிமைக்குக் காவலாயின. 1629இல் அவற்றின் படைவலிமை பறிக்கப்பட்டது. 1685இல் பதினான்காம் லூயி கட்டளையையே நீக்கினான். வலிமைச் சமநிலையால் கிடைத்த உரிமை, அச்சமநிலை குலைந்தபின் மறைந்தது.

1689இல் வெளிவந்த யோன் லொக்கின் சகிப்புத்தன்மை பற்றிய கடிதம், நம்பிக்கையை வாளால் ஊட்டவியலாது என வாதிட்டது. எனினும் நாத்திகரை அது சகிக்கவில்லை.

அமெரிக்க மெய்யியலாளர் யோன் றோல்ஸ், தம் செல்வத்தையோ சமூக நிலையையோ சமயத்தையோ அறியாத நிலையில் மனிதர் தெரிவுசெய்யும் விதிகளே நீதியானவை என 1971இல் எழுதினார். அவ்விதிகளை அனைவரும் ஒரே மெய்யியல் அடிப்படையில் ஏற்பரென எதிர்பார்க்கவியலாது என உணர்ந்து, 1993இல் தம் கருத்தைத் திருத்தியமைத்தார். வெறும் வலிமைச் சமரசம் நிலையற்றது. ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையினின்றே ஏற்கத்தக்க பொது நீதியே நிலைக்கும் என்பது அவர் முடிபு.

அரண்கள் மட்டுமே காக்கும் உரிமை, அரண் வீழும் நாளில் வீழும். பெரும்பான்மையோரின் நீதியுணர்வும் காக்கும் உரிமையே தலைமுறை கடந்து வாழும். நான்ற் கட்டளையின் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே.