தமிழகக் கடலின் திமிங்கிலங்கள்

திமிங்கிலம் கடலிலேயே பிறந்து கடலிலேயே வாழும் பாலூட்டி. நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டி ஈன்று பாலூட்டுகிறது. தோலுக்கடியில் உள்ள தடித்த கொழுப்புப் படலம் உடல் வெப்பத்தைக் காக்கிறது. மீனின் வால் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அசையும். திமிங்கிலத்தின் வால் கிடையாக விரிந்து மேலும் கீழும் அசையும். திமிங்கிலச் சுறா பெயரில் திமிங்கிலத்தைக் கொண்டிருந்தாலும் மீன்தான் என்பதற்கு அதன் வாலே சான்று.

வகைகள்

திமிங்கிலங்களில் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. முதல் பிரிவுக்குப் பற்கள் இல்லை. மேல்தாடையில் தொங்கும் சீப்பு போன்ற தகடுகளால் கடல்நீரை வடித்து, சிறு இறால் வகைகளையும் மீன்களையும் உண்கின்றன. இவற்றின் தலைமேல் இரண்டு மூச்சுத் துளைகள் இருக்கும். பல் உள்ள பிரிவுக்கு ஒரே துளை. இவை ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு இரையைக் கண்டறிகின்றன. மீனவர்கள் ஓங்கில் என்று அழைக்கும் டால்பின்களும் இப்பிரிவைச் சேர்ந்தவை.

தமிழகத்தை ஒட்டிய இனங்கள்

*நீலத் திமிங்கிலம்:* உலகில் வாழ்ந்த விலங்குகளிலேயே மிகப் பெரியது. ஏறத்தாழ 30 மீட்டர் வரை வளரும். வட இந்தியப் பெருங்கடலில் வாழ்பவை அளவில் சற்றுச் சிறியவை. இலங்கையின் மிரிச, திருகோணமலைக் கடல்களில் இவற்றைக் காணலாம்.

*பிரைடு திமிங்கிலம்:* ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்குவது. தலைமேல் ஓடும் மூன்று வரம்புகள் இதன் அடையாளம்.

*எண்ணெய்த் திமிங்கிலம்:* உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தலை. ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கிக் கணவாய்களை வேட்டையாடும். அம்பர்கிரிஸ் இதன் குடலில் உருவாகும் பொருள்.

*குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலம்:* டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாய்வழி உறவில் பிணைந்த கூட்டமாக வாழ்கிறது.

சென்னையின் தெற்குப் புறநகரான தாம்பரத்துக்குக் கிழக்கே, நீலாங்கரை முதல் கோவளம் வரையிலான கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய இனங்கள் கண்டத்திட்டைத் தாண்டிய ஆழ்கடலில் இரை தேடுவதால், கரையில் வாழ்வோர் அவற்றை உயிருடன் காண்பது அரிது. ஆனால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள திமிங்கில எலும்புக்கூட்டை, தாம்பரத்திலிருந்து புறநகர் ரயிலில் சென்றே பார்த்து வரலாம்.

கரை ஒதுங்கல்

1973 ஜனவரியில் மன்னார் வளைகுடாக் கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கின, 45 இறந்தன. மீனவர்கள் படகுகளில் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டவற்றில் சில மீண்டும் கரைக்கே திரும்பின. கூட்டத்தைப் பிரியாத இயல்புதான் இந்த இனத்தில் ஒன்றின் ஆபத்தைப் பலவற்றின் ஆபத்தாக்குகிறது. கரையில் நீரின் தாங்கலை இழந்த உடல் தன் எடையாலேயே நசுங்குகிறது. கொழுப்புப் படலத்தால் உடற்சூடும் ஏறுகிறது.

உயிருடன் ஒதுங்கிய திமிங்கிலத்தை ஈரத்துணியால் போர்த்தி நிழல் தர வேண்டும். மூச்சுத் துளையில் நீரோ மணலோ புகக்கூடாது. வாலைப் பிடித்து இழுத்தால் எலும்பு விலகும். வனத்துறைக்கு உடனே சொல்வது முதல் கடமை.

பாதுகாப்பு

பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் 1979இல் இந்தியப் பெருங்கடலைச் சரணாலயமாக அறிவித்தது. வணிக வேட்டைக்கான அதன் தடை 1986 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் திமிங்கிலங்களைக் காக்கிறது. அம்பர்கிரிஸ் விற்பதும் குற்றமே.