உப்பளத்தில் பிறந்த உணவு

கடலை வீட்டுக்குள் கொண்டுவர மனிதன் ஆசைப்பட்டது பழைய கதை. கொண்டுவந்த உயிருக்கு என்ன ஊட்டுவது என்று அவன் கற்றுக்கொண்டது பிந்திய கதை. இன்று அந்தப் பிந்திய கதையைச் சொல்கிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து கடல்மீன் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்களுக்கு முத்தையன்கட்டுக் குளந்தான் கடல். விராலும் ஜப்பான் மீனும் அங்கே உண்டு. ஆனால் நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்த உமணரைச் சங்க இலக்கியம் அறியும். அந்த உப்பு விளையும் பாத்திக்குள்ளேதான் இக்கதையின் முடிச்சும் அவிழ்கிறது.

1853இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் கடல்நீர்த் தொட்டியை இங்கிலாந்தின் வரவேற்பறைகளுக்குக் கொண்டுபோனது. தமிழர் மண்ணில், சென்னை அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாயிருந்த எட்கார் தேர்ஸ்டனின் எண்ணத்தில் உருவான மெரினாக் கடல்மீன் காட்சியகம் 1909இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

கண்ணாடியும் நீரும் கிடைத்தன, உணவுதான் சிக்கல். கடற்குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் இந்த மீனுக்குப் பல்லில்லை, இரைப்பையுமில்லை. தின்றது விரைவிலே கழிந்துவிடும்; ஆகவே அடிக்கடி தின்னவேண்டும். வாலாற் புல்லைப் பற்றிக்கொண்டு அசையாமல் காத்திருந்து, அருகில் நீந்தும் நுண்ணிய இறாலினத்தைக் குழல் வாயால் உறிஞ்சும். கடலில் பிடிபட்ட கடற்குதிரைக்கு அசையாத பொருள் உணவாகவே தோன்றாது. தொட்டி நிறையத் தூள்தீனி மிதந்தாலும் அதன் நடுவே மெலிந்து சாகும். வளர்ப்பவர் அதைப் பிடிவாதம் என்பார். கடற்குதிரைக்கோ அது உணவே அன்று.

விடை உப்பளத்தில் இருந்தது. ஆட்டீமியா என்ற சிற்றுயிரை 1755இல் இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளத்தில் ஷ்லோசர் கண்டார். 1758இல் லின்னேயசு பெயரிட்டார். தூத்துக்குடி உப்பளங்களிலும் அது உண்டு. அதன் முட்டை உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். உப்புநீரில் இட்டால் ஏறத்தாழ ஒரு நாளிற் பொரிக்கும். அந்தக் குஞ்சு மீன்குஞ்சுக்கு ஏற்ற உணவு என்பதை 1933இல் அமெரிக்காவில் அல்வின் சீலும், 1939இல் நோர்வேயில் ரொலெவ்சனும் காட்டினர். கண்டதற்கும் பயன்படுத்தியதற்கும் இடையே ஏறத்தாழ 180 ஆண்டுகள்!

அதுவும் முழு விடையன்று. பொரித்த குஞ்சு தன் மஞ்சட்கருவை விரைவிலே தானே தின்று தீர்த்துவிடும். வளர்ந்த ஆட்டீமியாவிலோ கடல்மீனுக்கு வேண்டிய கொழுப்பமிலங்கள் குறைவு. ஆகவே அதற்குப் பாசியோ மீனெண்ணெயோ ஊட்டி, பிறகு அதைக் கடற்குதிரைக்கு ஊட்டவேண்டும். பின்பு உறைய வைத்த சிறு இறாலை உயிருணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, நாளடைவில் அதன் பங்கைக் கூட்டிப் பழக்கலாம். நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொடுத்து, மிச்சத்தை உடனே அகற்றவேண்டும். அழுகினால் நீர் நஞ்சாகும். விரைந்து தின்னும் மீன்களைக் கூடவிட்டால் இதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இதைப் படித்தபோது இடம்பெயர்ந்த காலத்து நிவாரண வரிசை நினைவுக்கு வந்தது. குத்தரிசிச் சோற்றுக்கும் குளத்து மீனுக்கும் பழகிய முதியவர்கள், கொடுத்த வெள்ளைப் பச்சையரிசியை வைத்துக்கொண்டு பேசாதிருப்பார்கள். பசி இருந்தது, கொடுத்தது அவர்களுடைய உணவாக இருக்கவில்லை. கொடுப்பவர் அளவைப் பார்க்கிறார். உண்பவர் தன் வாழ்நாளையே அதில் தேடுகிறார்.

கடற்குதிரைக்கு வேறொரு துயரும் உண்டு. 1995இல் உலகில் ஏறத்தாழ 2 கோடி கடற்குதிரைகள் உலர்த்தி விற்கப்பட்டதாக 1996இல் வெளியான ஆய்வு கணித்தது. சீன மருந்துக்கே பெரும்பகுதி. 2001இல் இந்தியா அவற்றைப் பிடிக்கத் தடைவிதித்தது; 2004இல் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் இழுவைமடியில் தற்செயலாகச் சிக்குபவை இன்னும் சாகின்றன.

ஆகவே, நேயர்களே, கடல்மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் தீனியைத் தேடிக்கொள்ளுங்கள். மீனை அப்புறம் தேடலாம். தொட்டியிற் பிறந்து, உறைந்த தீனிக்குப் பழகிய கடற்குதிரைகள் இன்று வளர்க்கப்படுகின்றன. அவை கிடையாவிட்டால், நம் கரையோரக் கடற்புல்லுக்குள் இருப்பவற்றை அங்கேயே இருக்கவிடுங்கள். அங்கே அவற்றுக்கு யாரும் ஊட்டவேண்டியதில்லை.