தெருவெளிக் கலைக்கு விதி வேண்டும், எத்தகைய விதி?

நல்லூர்க் கந்தசுவாமி ஆலயத்தின் 25 நாள் மகோற்சவ காலத்தில் ஆலயச் சுற்றாடல் வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. கடைகளுக்கு இடம் ஒதுக்குவது முதல் துப்புரவைப் பேணுவது வரை யாழ். மாநகர சபை பல ஒழுங்குகளைச் செய்கின்றது. கடைக்கு விதி உண்டு. வாகனத்துக்கும் விதி உண்டு. ஆனால் வீதியோரத்தில் ஆர்மோனியத்துடன் அமர்ந்து பாடிப் பிழைக்கும் கட்புலனற்ற ஒருவருக்கோ, முற்றவெளியில் தெருவெளி நாடகம் ஒன்றை ஆற்ற விரும்பும் மாணவர் குழுவுக்கோ உரிய விதி எது?

இவர்களைத் தொடக்கூடிய சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை வேறு நோக்கங்களுக்காக ஆக்கப்பட்டவை. 1841 ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டம் பொது இடங்களில் யாசிப்போரையும் அலைந்து திரிவோரையும் குற்றவாளிகளாக்கும் நோக்குடன் பிரித்தானியர் கொண்டுவந்தது. பொது அரங்காற்றுகைகள் தொடர்பான 1912 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தணிக்கைக்கு வழிவகுத்தது. ஒலிபெருக்கிக்கான அனுமதியோ பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றது. ஆக, முதலாவது சட்டத்தின் கண்ணில் தெருப்பாடகர் பிச்சைக்காரர். இரண்டாவதன் கண்ணில் தணிக்கைக்கு உரியவர். மூன்றாவதன் கண்ணில் வெறும் இரைச்சல். கலைஞர் என்ற முறையில் அவரை நோக்கும் சட்டம் எதுவும் இம்மூன்றிலும் இல்லை. இதனால் அவருடைய அன்றாட வாழ்வு, அன்றைய தினம் கடமையில் இருக்கும் அதிகாரியின் மனப்போக்கைப் பொறுத்ததாகி விடுகின்றது.

திறந்த வெளியில் கலை நிகழ்த்துவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. கோயில் வீதியில் விடிய விடிய நடந்த கூத்தும், நடிகமணி வி.வி. வைரமுத்துவின் இசை நாடகங்களும், திருவிழா ஊர்வலங்களில் ஒலித்த நாதஸ்வரமும் தவிலும் பொது வெளியிலேயே மக்களைச் சென்றடைந்தன. 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’, மண்டபங்களைக் கடந்து குடாநாட்டின் கிராமங்களுக்குச் சென்றது. மக்கள் வாய்விட்டுப் பேச அஞ்சிய காலத்தில் அவர்களது துயரை அவர்கள் முன்னேயே நிகழ்த்திக் காட்டிய நாடகம் அது. நாடகப் பிரதியை முன்கூட்டியே ஒப்படைத்து அனுமதி பெற வேண்டும் என்ற நிபந்தனைக்கு அது கட்டுப்பட்டிருந்தால், அந்த மக்களை அது சென்றடைந்திருக்குமா என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

அதற்காக, விதியே வேண்டாம் என நாம் வாதிடவில்லை. போதனா வைத்தியசாலையின் நோயாளருக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், நாள் முழுவதும் ஒரே பாட்டைக் கேட்க நேரும் கடைக்காரருக்கும் அமைதிக்கான உரிமை உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குவதைக் கட்டுப்படுத்தி 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த உரிமையின் அடிப்படையிலேயே எழுந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் அவசியமே. 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் நடந்த பெரும் இசை நிகழ்ச்சியில் தடுப்புகளை மீறிக் கூட்டம் உட்புகுந்து குழப்பம் விளைந்ததை யாழ்ப்பாணம் மறக்கவில்லை. எனினும், பல்லாயிரவர் திரளும் அத்தகைய நிகழ்ச்சிக்கும் இருபது பேர் சூழ்ந்து நின்று பார்க்கும் தெருக்கூத்துக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவது நியாயமாகாது.

அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை கருத்து வெளிப்பாட்டையும், அமைதியாக ஒன்றுகூடுவதையும், தத்தமது பண்பாட்டைப் பேணுவதையும், சட்டபூர்வமான தொழில் செய்வதையும் பிரசைகளின் உரிமைகளாக ஏற்கின்றது. 1992 ஜூலை 1 ஆம் திகதி எதிர்க்கட்சிகள் நடத்திய ‘ஜன கோஷா’ ஒலி எழுப்பும் போராட்டத்தின் போது வாதுவையில் பொலிஸார் மேளத்தை நிறுத்த முற்பட்டனர். அந்த வழக்கில், மேள ஒலியும் பேச்சைப் போலவே கருத்து வெளிப்பாடு என 1993 இல் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பறைக்கும் உடுக்குக்கும் சட்டத்தின் முன் இடமுண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. தமிழகத்திலும் எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 1954 ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை 2013 இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது.

வெளிநாட்டு அனுபவங்களும் நமக்குப் பாடமாகும். சிங்கப்பூரின் தேசிய கலை மன்றம் 1997 இல் தெருக்கலைஞர் திட்டத்தை ஆரம்பித்தது. திறமையைச் சோதித்து அனுமதி வழங்கும் முறையும் அதில் இடம்பெற்றது. இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி 2021 இல் அனுமதிப் பத்திர முறையைக் கொண்டுவந்தது. ஆனால் லெஸ்டர் சதுக்கத்தில் ஒலிபெருக்கிகளின் தொல்லை அடங்கவில்லை. அயலிலுள்ள நிறுவனமொன்று வழக்குத் தொடுத்து வென்றதை அடுத்து, 2025 ஏப்ரலில் அங்கு தெருக்கலை நிகழ்வுகளே இடைநிறுத்தப்பட்டன. விதியை எழுதிவிட்டு நடைமுறைப்படுத்தத் தவறினால், இறுதியில் நட்டமடைபவர் கலைஞரே.

சிங்கப்பூரின் திறமைச் சோதனையை இங்கு அப்படியே பின்பற்றுவதும் உகந்ததன்று. எது கலை என்பதைத் தீர்மானிக்கும் நாற்காலியில் யார் அமர்வார்? பறையைச் சாதியின் பெயரால் நெடுங்காலம் ஒதுக்கி வைத்த சமூகம் இது. கர்நாடக சங்கீதம் தேறும். பறையும் தெருப்பாட்டும் தேறாது என்ற நிலை தோன்றினால், அது பழைய தீண்டாமைக்குப் புதிய முத்திரை குத்துவதாகவே முடியும்.

எனவே, மாநகர சபை கட்டளைச் சட்டத்தின் கீழ் தனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, யாழ். மாநகர சபை தெருவெளிக் கலைக்கெனத் தனியான உபவிதி ஒன்றை ஆக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடாகும். முற்றவெளி, பண்ணைக் கடற்கரை, ஆரியகுளச் சுற்றாடல், சங்கிலியன் பூங்கா போன்ற இடங்களை, அவற்றுக்குப் பொறுப்பான திணைக்களங்களுடன் கலந்து, அதில் பெயர் குறித்து அறிவிக்கலாம். வைத்தியசாலைச் சூழலையும், பாடசாலை நேரத்தில் பாடசாலைகளின் அயலையும் விலக்கலாம். ஓரிடத்தில் ஒருவர் எத்தனை மணி நேரம் நிகழ்த்தலாம் என்பதை வரையறுக்கலாம். ஒலிபெருக்கியின்றி நிகழ்த்துவோருக்குக் கட்டணமற்ற பதிவு போதுமானது; ஒலிபெருக்கி வேண்டுவோருக்கும் பெருங்கூட்டம் திரட்டுவோருக்கும் மாத்திரம் அனுமதி அவசியமாகலாம். முறைப்பாடுகளை முதலில் சபையின் அலுவலர் விசாரிக்க வேண்டும். அனுமதி மறுக்கப்படின் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன பாடப் போகின்றீர், என்ன நடிக்கப் போகின்றீர் என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்தில் இடம்பெறவே கூடாது.

இதன் வரைவைக் கலைஞர்கள், வர்த்தகர்கள், அயல் வாசிகள் ஆகியோரின் கருத்துக்காகத் தமிழில் வெளியிட்ட பின்னரே சபை நிறைவேற்ற வேண்டும். யாழ். மத்தியில் இந்திய உதவியுடன் பல மாடிக் கலாசார மையம் எழுந்து நிற்கின்றது. அதன் மண்டபத்துக்குள் நுழைய முடியாத கலைஞருக்கு வீதியோரத்தில் ஒரு சாண் இடமாவது உறுதி செய்யப்பட வேண்டும். பாடுபவர் எவ்விடத்தில், எந்நேரத்தில், எவ்வளவு சத்தத்துடன் பாடலாம் என்பதைச் சபை தீர்மானிக்கட்டும். எதைப் பாடுவது என்பதை அவரிடமே விட்டுவிடட்டும். சம்பந்தப்பட்டோர் சிந்திப்பார்களாக.