காரீயப் பெயின்ட் ஆய்வு: சென்னை வீடுகள்

பழைய பெயின்டிலும் தூசியிலும் காரீயம் உள்ளதா, அது தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டுமா என்று கண்டறிவதே இந்த ஆய்வு. அமெரிக்காவில் 1978-க்கு முந்தைய வீட்டை விற்பவர், தமக்குத் தெரிந்த காரீய அபாயத்தை வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் அந்தக் கட்டாயம் இல்லை. வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதெல்லாம் அப்படியே இருக்கிறது.

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சுண்ணாம்பு அடித்த சுவரை அல்ல. கதவு, ஜன்னல், கிரில், மாடிப்படிக் கைப்பிடி ஆகியவற்றில் அடுக்கடுக்காக ஏறிய எனாமல் பெயின்டை. தி. நகர், அடையாறு பகுதிகளின் பழைய அடுக்குமாடிகளிலும் இதே கதைதான். பளிச்சென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காரீயக் குரோமேட் கலந்தார்கள்; இரும்பு துருப்பிடிக்காமலிருக்க ரெட் லெட் என்னும் காரீயப் பூச்சைப் பூசினார்கள். ஜன்னல் திறந்து மூடும்போதெல்லாம் உரசித் தூள் உதிரும். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ பெயின்டர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேளையே மிக ஆபத்தானது. அந்தத் தூசியை முதலில் சுவாசிப்பவர் அவரே என்பதை வீட்டுக்காரர்கள் மறந்துவிடுகிறோம்.

எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியைப் பரப்பில் வைத்தால், அடியிலுள்ள பூச்சின் காரீயத்தையும் சில நொடிகளில் காட்டும். கருவி கிடைக்காவிட்டால் பெயின்ட் செதிலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பூச்சு உரியாமல் இருந்தால் உடனடி ஆபத்து குறைவு; உதிர்ந்த தூசியே குழந்தைக்கு எட்டும். ஆகவே அளந்து குறித்த தரைப் பகுதியை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் தூசியையும் சோதிக்க வேண்டும்.

சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் காரீயம் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் இருந்தது. அமெரிக்கா இன்று 3.5-லேயே கவனம் கொள்கிறது. குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் சேர்வதற்குக் காரணம் பெயின்ட் மட்டுமல்ல: 2000 வரை விற்ற காரீயப் பெட்ரோலின் எச்சம் சாலையோர மண்ணில் படிந்துள்ளது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதில் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்தெடுக்கும். சொம்பையும் அதே எக்ஸ் கதிர்க் கருவியால் சோதிக்கலாம்.

பழைய பூச்சை எரித்து எடுக்கக் கூடாது. நனைத்தே சுரண்ட வேண்டும். வேலை முடிந்து, ஈரத்துணியால் துடைத்து, தூசிச் சோதனையை மறுபடி செய்யும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்குள் வரக் கூடாது.