ஐடி3 குறிச்சொல்

எம்பி3 கோப்புக்குள்ளேயே பாடலின் தலைப்பு, பாடியவர், ஆல்பம், ஆண்டு ஆகியவற்றைப் பதிந்துவைக்கும் முறை. கோப்பின் பெயர் மாறினாலும் இவ்விவரங்கள் அழியா. 1996இல் எரிக் கெம்ப் உருவாக்கிய முதல் வடிவம், கோப்பின் இறுதியில் சேர்க்கப்பட்ட வெறும் 128 பைட். தலைப்புக்கு அதில் 30 பைட்தான் இடம். 1998இல் வந்த இரண்டாம் வடிவம் கோப்பின் தொடக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. யூனிகோடை ஏற்றதால் தமிழிலேயே பெயரெழுதவும் வழி பிறந்தது. அட்டைப்படம், பாடல் வரிகளையும் இதில் சேர்க்கலாம்.

தமிழ்த் திரைப்பாடல் சேகரிப்போருக்கு இதன் அருமை நன்கு தெரியும். பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் மூவருக்கும் தனித்தனிப் புலங்கள் உண்டு. ஆனால் புழக்கத்திலுள்ள கோப்புகள் பலவற்றில் இசையமைப்பாளர் பெயரே பாடகர் புலத்தில் இருக்கும். பாடலாசிரியர் புலம் காலியாகக் கிடக்கும். இது பாட்டெழுதியவருக்குச் செய்யும் அநீதி. ஆங்கில எழுத்தில் ஒரே பெயர் பலவிதமாக எழுதப்படுவதால், ஒருவருடைய பாடல்கள் பட்டியலில் பலராகச் சிதறுவதும் உண்டு.

திருத்துவதற்கு எம்பி3டேக், மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. முன்னது நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒருசேரத் திருத்தும். பின்னது ஒலியின் கைரேகையை எடுத்து, இணையத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பாடலை அடையாளம் காணும். தரவுத்தளத்தில் இல்லாத பழைய பாடல்களுக்குக் கையால் எழுதுவதே வழி. மொத்தமாகத் திருத்தும் முன் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துவைப்பது அவசியம்.